மூன்றாம் எண் கத்தரி பற்றி நான் எழுதிய பக்கம்

1

சுருளிப்பட்டியில் என் தங்கை ரோஸியிடம் சாயங்கால டியூசன் படிக்கிற பிள்ளைகளுக்கு.

நான் உங்கள் டீச்சரின் அண்ணன். நியூசிலாந்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறேன். வந்து எட்டு வருடம் ஆகிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், அதிலும் இங்கிலீஷில் தப்பிப் பிழைத்தவன். போன வாரம் உங்கள் டீச்சர் போனில் பேசி அனுப்பினாள்.

"ஏண்ணே, ஃப்ரேசல் வெர்ப்புன்னாலே இதுக பேய் முழி முழிக்குதுக. எழுதச் சொன்னா பின்னாடி வர்ற சின்ன வார்த்தைய குலுக்கிப் போட்டு எழுதுதுக. நீ அங்கன எட்டு வருசமா எழுதிக்கிட்டுத்தான இருக்க? நாலு பக்கம் எழுதி அனுப்புண்ணே. நான் சொன்னா கொட்டாவி விடுதுக. வெளிநாட்டு மாமா சொன்னாகன்னா கேட்டுக்குங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன மூன்றாம் நாள், புதன்கிழமை, எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஃப்ரேசல் வெர்பை மட்டும் தனியாக எடுத்து எழுத எனக்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பரீட்சைக்கு வேண்டியதை டீச்சர் அடிக்கோடு போட்டுத் தருவாள்.

2

முதலில் பயத்தை விடுங்கள். இது நம்மிடம் இல்லாத சங்கதி இல்லை.

'பார்' என்று ஒரு சொல் இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொள் என்றால் ஒன்று. படத்தைப் பார்த்துவிடு என்றால் வேறு. பார்த்துத் தொலை என்றால் அம்மா கோபத்தில் இருக்கிறாள். 'பார்' அப்படியே நிற்க, பின்னால் ஒட்டுகிற சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இதை உங்களுக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. தப்பாகவும் நீங்கள் பேசுவதில்லை.

இங்கிலீஷ்காரருக்கும் அப்படித்தான். லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். லுக் ஃபார் என்றால் தேடு. லுக் இன்டு என்றால் விசாரி. நாம் செய்கிற பிழை என்னவென்றால், ஐம்பதை வரிசையாக எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறோம். பரீட்சைத் தாளில் வரிசை மறந்துவிடும். ஒவ்வொன்றையும் உங்கள் நாளிலிருந்து ஒரு வாக்கியத்தில் வைத்துப் பழகுங்கள். தேனி பஸ்ஸில் ஏறுவது கெட் ஆன். அல்லிநகரத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறினால் கெட் இன்டு. பஸ்ஸிலிருந்து இறங்குவது கெட் ஆஃப், ஆட்டோவிலிருந்து கெட் அவுட் ஆஃப். இரண்டு தடவை போய்வந்தால் நான்கும் மனதில் நிற்கும்.

இன்னொன்று. 'அதை' என்ற சொல் வந்தால் அதை நடுவில் வையுங்கள். சட்டையைக் கழற்று என்பதை டேக் ஆஃப் யுவர் ஷர்ட் என்று எழுதலாம். அதைக் கழற்று என்றால் டேக் இட் ஆஃப். டேக் ஆஃப் இட் என்று எழுதினால் மார்க் போகும். எனக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆனது. ஆனால் லுக் ஆஃப்டர், லுக் ஃபார் மாதிரி சிலது பிரியவே பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்று கேட்காதீர்கள். எழுதிப் பார்த்துத்தான் தெரியவேண்டும்.

3

நம் ஊரில் கவாத்து என்றால் அண்ணாந்து வெட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். கல்தூண், கம்பிப் பந்தல், தலைக்கு மேலே கொடி. சாயங்காலம் கழுத்துதான் வலிக்கும். இங்கே கொடியை இடுப்பளவு கம்பியில் படர விட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து வெட்ட வேண்டும். உங்கள் பக்கம் ஆடிக்காற்று அடிக்கிற சமயத்தில் இங்கே கொடியெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். அதுதான் கவாத்துக் காலம்.

வந்த நாலாம் வருடம் என்னை ஆறு பேருக்கு லீடர் ஆக்கினார்கள். நான்கு பேர் டோங்கா தீவுக்காரர்கள், இரண்டு பேர் பஞ்சாபிகள். லீடர் என்ற அந்த ஒரு வரியை வைத்துத்தான் என் மனைவி ஸ்டெல்லாவையும் ஆறு வயதில் என்னோடு வந்த மகள் ஜெனியையும் இங்கேயே வைத்துக்கொள்ள முடிந்தது. இன்றைக்கும் எங்கள் மூன்று பேர் விசாவும் அந்த வரியில்தான் நிற்கிறது.

லீடர் தினமும் ஒரு தாளில் அன்றைய வேலையை இங்கிலீஷில் எழுதி மேனேஜர் கிரெய்க்கிடம் கொடுக்க வேண்டும். முதல் வாரமே, பன்னிரண்டாம் வரிசையிலிருந்து இருபதாம் வரிசை வரை கொடிகளை கட் டவுன் செய்துவிட்டோம் என்று எழுதினேன். தாளைப் பார்த்த கிரெய்க் வண்டியைத் தோட்டத்துக்குள் அடித்துக்கொண்டு வந்தான். கட் டவுன் என்றால் வெட்டிச் சாய்ப்பது. நான் எழுதியிருக்க வேண்டியது கட் பேக், கழித்துவிடுவது. ஒன்பது வரிசைக் கொடியும் நின்ற இடத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவன் வண்டியை விட்டே இறங்கினான்.

அன்று ஜெனி எனக்கு ஒரு நோட்டுப் போட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. பக்கத்துக்கு ஒரு வினைச்சொல். நடுவில் வட்டம் போட்டு அதில் கட் என்று எழுதி, சுற்றிலும் பேக், டவுன், அவுட், ஆஃப் என்று கிளை விட்டிருந்தாள், திராட்சைக் கொடி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் பாடம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜெனி இப்போது வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துபோய்விட்டது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அதட்டினால் அந்தப் பதிலும் வராது. ஆனால் அந்த நோட்டை விரித்தால் மட்டும் தமிழ் பேசுவாள். இங்கிலீஷைத் தமிழில்தானே எனக்குச் சொல்லியாக வேண்டும்.

"அப்பா, புட் ஆஃப்னா தள்ளிப் போடுறது. புட் அவேன்னா எடுத்து வைக்கிறது. எடுத்து வைக்கிறதத் தள்ளிப் போட்டா அதுதான் நீங்க" என்று அவள் ஒரு நாள் சொன்னபோது ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

4

இங்கே கவாத்துக் கத்தரி பேட்டரியில் ஓடுகிறது. விசையை அழுத்தினால் வெட்டும், விட்டால் நிற்கும். எண் போட்டு ஒரு பெட்டியில் இருக்கும். காலையில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். இந்த வருடம் மூன்றாம் எண் கத்தரிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. விசையை விட்ட பிறகும் எப்போதாவது ஒரு தடவை தானாகக் கடித்தது.

இதை நான் கிரெய்க்கிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தான், நான் ஜன்னல் பக்கம் நின்றேன். "ஓகே, பார்க்கிறேன்" என்றான். நான் தாளில் எழுதவில்லை. அவன் வாயால் ஓகே என்று சொன்ன பிறகு தாளில் எழுதினால், நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்வது போல இருக்காதா? எனக்கு அப்படித்தான் பட்டது.

அந்த வாரமே ஒரு காலையில் சியோனே மூன்றாம் எண் கத்தரியை எடுத்திருந்தான். டோங்காக்காரன், என் வயதுதான், கோயிலில் பாடுகிற ஆள். கம்பியில் சிக்கிய கொடியை இடது கையால் இழுத்தபோது கத்தரி தானாகக் கடித்தது. ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. நான்தான் துண்டைச் சுற்றி அவனை வண்டியில் ஏற்றினேன். அவன் அழவில்லை. நான் அழுதேன்.

வைத்தியச் செலவை அரசாங்கமே பார்த்துக்கொண்டது. மறுநாள் கிரெய்க் வந்து, என்ன நடந்தது என்று லீடர் தன் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றான்.

5

இங்கே நான் செய்த தப்பு உங்களுக்குப் புரிய வேண்டுமானால், உங்கள் ஊர்த் தோட்டத்தில் நடப்பதையே சொல்ல வேண்டும்.

நான் சுருளிப்பட்டியில் கவாத்துக்குப் போன காலத்தில் சேர்ந்து வேலைக்குப் போகிற எங்கள் கொத்துக்குத் தலைவர் முருகேசண்ணன். ஒரு நாள் பந்தல் கம்பி அறுந்து செல்வம் என்பவன் தோளில் அடித்துவிட்டது. ரத்தம். முதலாளி ஓடி வந்தார். முருகேசண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"தப்பு எம்மேலதான் மொதலாளி. நான் பாத்து நிப்பாட்டியிருக்கணும்."

"அட ஒம்மேல என்னய்யா தப்பு? கம்பி துருவேறிக் கெடக்கு. போன வருசமே மாத்தணும்னு சொன்ன. நாந்தான் விட்டுட்டேன்."

செல்வத்தின் அண்ணன் குறுக்கே வந்தான். "இவனும்தான் மொதலாளி, கம்பியில தொங்கிக்கிட்டே வெட்டுறான். கொரங்குப் பய."

"ஏலே, அடிபட்டவன் நானு. வையிறதும் என்னையவா?" என்றான் செல்வம். எல்லோரும் சிரித்துவிட்டோம். டீ வந்தது. மறுநாளே கம்பி மாற்றியாகிவிட்டது.

இதுதான் வழக்கம். கொத்துத் தலைவர் முதலில் முழுத் தப்பையும் எடுத்துக்கொள்வார். கம்பி பழசு என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். அது முதலாளியின் பங்கு. அதை அவரே எடுத்துக்கொள்ள இடம் விட வேண்டும், அதுதான் மரியாதை. பிறகு ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பங்கை வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் தலைவர் கையில் ஒன்றும் இருக்காது.

அங்கே யாரும் எதையும் எழுதிவைப்பதில்லை, பிள்ளைகளா. அதை நான் யோசிக்கவில்லை.

6

அன்று சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். நான் எழுதியதன் அர்த்தம் இதுதான்: வேறு யார் மேலும் தப்பு இல்லை. என் ஆட்களை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்களைக் கைவிட்டுவிட்டேன். முழுப் பொறுப்பும் என்னுடையது.

பார்த்துக்கொள்வதற்கு லுக் ஆஃப்டர். கைவிட்டதற்கு லெட் டவுன், அதிலும் 'அவர்களை' நடுவில் வர வேண்டும், லெட் தெம் டவுன். யாரையும் கேட்காமல் எழுதினேன். மூன்றாம் எண் கத்தரியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது கிரெய்க்கின் பங்கு.

ஜெனியிடம் காட்டினேன். பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனாள். பென்சில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"அப்பா! ஒரு மிஸ்டேக்கூட இல்ல!"

"நெசமாவா?"

"ப்ராமிஸ். லெட் தெம் டவுன், பெர்ஃபெக்ட்." மேலே பெரிதாக ஒரு டிக் போட வந்தவள், ஆபீசுக்குப் போகிற தாள் என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அப்பா, இது ட்ரூவா? நீங்கதான் தப்புப் பண்ணீங்களா?" என்று கேட்டாள்.

"இப்படித்தான் ஆத்தா எழுதணும். மத்தத அவுக சொல்லிக்குவாக."

"ஓகே" என்றாள். அவளுக்கு வீட்டுப்பாடம் இருந்தது.

மறுநாள் கிரெய்க் அதை என் முன்னால் நின்று படித்தான். இரண்டு முறை படித்தான். நான் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வான், அந்தக் கத்தரியை நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெரி க்ளியர். தேங்க்யூ" என்றான். தாளை ஒரு பைலில் வைத்து மூடினான். வேலைக்குப் போகலாம் என்றான்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

7

இரண்டு வாரத்தில் என் லீடர் வேலையை நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடியும்வரை சாதாரண ஆளாகக் கவாத்து வெட்டச் சொன்னார்கள். மூன்றாம் எண் கத்தரி பெட்டியில் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

சியோனே கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தான். அவனுக்கும் எனக்கும் பொது பாஷை ஓட்டை இங்கிலீஷ்தான். "பிரதர், ஏன் அப்படி எழுதினாய்? கத்தரிதான் கெட்டது. நீ இரண்டு தடவை சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன்" என்றான்.

"அதை ஆபீசில் சொன்னாயா?"

"சொன்னேன். எழுதிக் கொடு என்றார்கள்." அவன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். அவன் இடது கைக்காரன், கத்தரியை மட்டும் வலது கையில் பிடிப்பான். ஆனால் கைக்காயத்தைவிட இங்கிலீஷில் எழுதுவதற்குத்தான் அவனுக்குப் பயம் என்பது எனக்குத் தெரியும். அவன் எழுதிக் கொடுக்கும் முன்பே, அடுத்த வாரம் அவனை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

பிறகு ஜெனியும் நானுமாக உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினோம். கத்தரி பழுதானதை நான் இரண்டு முறை கிரெய்க்கிடம் சொன்னேன், முதல் கடிதத்தில் எங்கள் ஊர் வழக்கப்படி எழுதிவிட்டேன், அது முழு உண்மை இல்லை. இதை இங்கிலீஷில் வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஊர் வழக்கத்தை எழுதுகிற இடத்தில் ஜெனி பென்சிலை வைத்துவிட்டாள்.

"அப்பா, இத எப்படி எழுதினாலும் நீங்க பொய் சொன்ன மாதிரியே வருது."

"பொய் இல்லம்மா அது. மரியாத."

"எனக்குப் புரியுது. அவங்களுக்கு?"

உள்ளபடி எழுதி அனுப்பினோம்.

புதன்கிழமை வந்தது அதற்கான பதில். சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கடிதம் சம்பவம் நடந்த மறுநாளே எழுதப்பட்டது. நல்ல, தெளிவான இங்கிலீஷில், சொந்த வார்த்தைகளில் இருக்கிறது. ஆகவே அதையே எடுத்துக்கொள்கிறோம். கத்தரி பற்றி யாரிடமும் சொன்னதாக எங்கள் தாள்களில் பதிவு இல்லை. அடுத்த பருவத்துக்கு லீடர் வேலை கிடையாது. வரும் அறுவடை முடிந்ததும் விசா முடிகிறது.

நல்ல, தெளிவான இங்கிலீஷ். எட்டு வருடத்தில் என் இங்கிலீஷை யாரும் பாராட்டி எழுதியது அதுதான் முதல் தடவை.

8

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். கடிதம் மேசையில் கிடந்தது. ஜெனி அதை எடுத்து வாசித்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள். தமிழில் பேசினாள். நோட்டு விரித்திருக்கவில்லை.

"தப்பு எம்மேலதான்ப்பா. ட்ரூவான்னு கேட்டேன்ல? திருப்பிக் கேட்டிருக்கணும். நான் ஸ்பெல்லிங் மட்டும் பாத்தேன்."

முருகேசண்ணனை அவளுக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்தை அவள் பார்த்ததில்லை.

"இல்ல ஆத்தா, ஒன் தப்பு ஒண்ணும் இல்ல. நீ கேட்ட, நாந்தான் சொல்லல. வாயால சொன்னதத் தாள்ல எழுதாம விட்டதும் நாந்தான்."

ஸ்டெல்லா திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்ச மூணு பேரு இருக்குற வீட்டுல, நான் ஒரு தடவ வாங்கிப் பாத்தேனா? அப்பாவும் மகளும் பாத்துக்கிருவாகன்னு டீ போட்டுக்கிட்டு நின்னேன். எனக்கும்தான் பங்கு இருக்கு."

டீ வந்தது. மூவரும் குடித்தோம். எங்கள் ஊர் வழக்கம் இந்த நாட்டில் ஒருமுறையாவது சரியாக நடந்தேறியது.

"இப்ப யாரு மேலப்பா தப்பு?" என்று கேட்டாள் ஜெனி.

"யாரு மேலயும் இல்ல."

"அப்ப அந்த லெட்டர்?"

"அது அங்கனயேதான் இருக்கும்."

பிள்ளைகளா, நான் எழுத வேண்டியதை எழுதிவிட்டேனா என்று தெரியவில்லை. ஃப்ரேசல் வெர்பைப் பயப்படாமல் எழுதுங்கள். சின்ன வார்த்தையைப் பார்த்து வையுங்கள். எழுதி முடித்ததும் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடந்தது இதுதானா என்று இன்னொரு முறை படியுங்கள். நான் அந்த இரண்டாவது முறை படிக்கவில்லை.

கடைசியாக ஒரு உதவி. அறுவடை முடிந்தால் ஜெனி உங்கள் டியூசனுக்கு வந்து உட்காரக்கூடும். அவளுக்குத் தமிழில் தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுத வராது. பெரிய பிள்ளையாக இருந்துகொண்டு முதலிலிருந்து எழுதப் பழகுவாள். எழுத்து கோணலாக இருக்கும், பேச்சில் இங்கிலீஷ் கலந்து வரும். சிரித்துவிடாதீர்கள். பக்கத்தில் இடம் போட்டு உட்கார வைத்து, ஃப்ரேசல் வெர்ப் என்றால் என்ன என்று கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவாள். தமிழில்தான் சொல்லித் தருவாள்.